எருமைக்கு வம்சாவளி வேண்டாமா?

2019-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கில் நமது ராஜ்யத்தைப் பற்றிய ஒரு விவரத்தைக் கொங்கு நாட்டு அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். 2012-இல் தமிழ்நாட்டில் இருந்த எருமைகள் ஏறத்தாழ 7 லட்சத்து 80 ஆயிரம். 2019-இல் எண்ணியபோது இருந்தவை 5 லட்சத்து 19 ஆயிரம். ஏழே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு மறைந்து போயிற்று. தேசமெங்கும் எருமை குறைந்துவிட்டதோ என்றால், அதுவும் இல்லை. அதே ஏழு ஆண்டுகளில் இந்தியாவின் எருமைத் தொகை 10 கோடியே 87 லட்சத்திலிருந்து 10 கோடியே 98 லட்சமாக உயர்ந்தது. நமது ராஜ்யத்திலேயே மாட்டினம் 88 லட்சத்திலிருந்து 95 லட்சத்துக்கு ஏறியது. இம்மூன்றில் தேய்ந்தது தமிழ்நாட்டு எருமை ஒன்றுதான்.

இதற்குக் காரணங்கள் பல சொல்வார்கள். குளமும் குட்டையும் வற்றிவிட்டன. கறுத்த தோலும் குறைந்த வேர்வைச் சுரப்பிகளும் உடைய எருமை, வெயில் நாளில் நீரில் கிடக்க வழியின்றி வாடுகிறது. மேய்ச்சல் தரை வீட்டுமனையாகிவிட்டது. மேய்க்க ஆள் இல்லை. இவை யாவும் மெய்யே. ஆயினும் குடியானவனின் கையைக் கட்டும் காரணம் இன்னொன்று உண்டு. எருமைக் கிடாரி வளர்ந்து சினையாகிக் கன்று ஈனுவதற்குள் அவன் பொறுமையும் பணமும் தீர்ந்துவிடுகின்றன. காந்திபுரத்துத் தேநீர்க் கடைகளில் எருமைப் பாலின் கெட்டித்தன்மையை விரும்பாதார் இலர். அந்தப் பாலைக் கொடுக்கும் பிராணியை நான்கு ஆண்டுகள் வெறுமனே தீனி போட்டு வளர்ப்பவர் யார்? ஆகையால் எருமையின் வளர்ச்சி என்பது கால்நடை வைத்தியர்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று. கிராமப் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு தேச ஊழியனும் அறிந்திருக்க வேண்டிய விஷயம்.

வளர்ச்சியின் கணக்கு

கிடாரி பருவத்துக்கு வருவது வயதைப் பொறுத்தது என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அது எடையைப் பொறுத்தது. முர்ரா இனக் கன்று பிறக்கும்போது ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். 300 கிலோவைத் தாண்டினால்தான் பொதுவாக அது சினைக்குத் தகுதியாகிறது. நடுவில் ஏற வேண்டியது 270 கிலோ. தினமும் 250 கிராம் வீதம் ஏறினால் அதற்கு 1,080 நாள், அதாவது மூன்று ஆண்டு, பிடிக்கும். 450 கிராம் வீதம் ஏறினால் 600 நாளில் முடிந்துவிடும். இவற்றுடன் பத்து மாதத்துக்குச் சற்று மேற்பட்ட சினைக்காலத்தைச் சேர்த்துக்கொள்க. முந்தைய கிடாரி நான்காம் ஆண்டு முடிகிற தறுவாயில் ஈனும். பிந்தையது இரண்டரை ஆண்டில் ஈனும். தினம் 200 கிராம் வித்தியாசம், ஏறக்குறைய பதினாறு மாதத் தீனிச் செலவாகிறது. நமது கிராமங்களில் முதல் ஈற்றுக்கு நான்கு ஆண்டும் அதற்கு மேலும் ஆவது சாதாரணம்.

இந்த 200 கிராம் எங்கிருந்து வரும்? நல்ல தீனியிலிருந்தா, நல்ல இரத்தத்திலிருந்தா? இரண்டிலிருந்தும் வரும் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் எது எவ்வளவு என்று அறியாமல் பணத்தைச் செலவிடுவது, தாவாவின் மதிப்பை அறியாமல் நீதிமன்றத்துக்குப் போவதை ஒக்கும்.

பிதிரார்ஜிதமும் சுயார்ஜிதமும்

ஹிந்து சட்டத்தில் ஒருவனுடைய சொத்தைப் பிதிரார்ஜிதம், சுயார்ஜிதம் என்று பிரிப்பது நமது வாசகர்களுக்குத் தெரிந்ததே. ஓர் ஊரிலுள்ள எருமைகளுக்குள் காணும் எடை வித்தியாசத்தையும் அவ்வாறே பிரிக்கலாம். பெற்றோரிடமிருந்து இரத்தத்தில் வந்தது ஒரு பகுதி; தீனி, தண்ணீர், நோய், பிறந்த பருவம், பராமரிப்பு ஆகியவற்றால் நேர்ந்தது மற்றொரு பகுதி. மனிதர் சட்டத்தில் சுயார்ஜிதமும் மக்களுக்கு இறங்கும். இயற்கையின் சட்டத்தில் அது இறங்குவதில்லை. புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் தின்று கொழுத்த எருமைக்கடா, அந்தக் கொழுப்பைத் தன் கன்றுக்கு எழுதி வைக்க முடியாது.

முந்தைய பகுதி மொத்த வித்தியாசத்தில் நூற்றுக்கு எத்தனை என்பதைத்தான் விஞ்ஞானிகள் பரம்பரைப் பங்கு என்று கணக்கிடுகிறார்கள். இங்கிலாந்தில் பிரான்ஸிஸ் கால்ட்டன் 1886-இல் மனிதரின் உயரத்தை ஆராய்ந்து, மிக நெட்டையான பெற்றோரின் மக்கள் சராசரியைவிட உயர்ந்தவர்களாயினும் பெற்றோரளவு உயர்ந்தவர்களல்லர் என்று காட்டினார். அந்த எண்ணத்தைக் கால்நடை வளர்ப்புக்கு உரிய கருவியாக்கியவர், அமெரிக்காவில் அயோவா கலாசாலையின் ஆசிரியராயிருந்த ஜே லஷ். 1937-இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறைக்கு அஸ்திவாரமாயிற்று.

கணக்கிடும் வழி சாட்சி விசாரணையைப் போன்றது. ஒரு கடாவின் சந்ததிகள் பல தாய்களுக்குப் பிறந்து, பல கட்டுத்தரைகளில் வளர்கின்றன. தாய் வேறு, தீனி வேறு, எஜமானர் வேறு. அப்படியிருந்தும் அந்தக் கன்றுகள் எடையில் ஒன்றையொன்று ஒத்து, வேறொரு கடாவின் கன்றுகளிலிருந்து வேறுபட்டால், அந்த ஒற்றுமைக்குத் தகப்பனே காரணம் என்று தீர்ப்புக் கூறலாம். தகப்பன்வழிச் சகோதரர்களிடையே பொதுவாக இருப்பது இரத்தத்தில் கால் பங்கு. ஆதலால் கண்ட ஒற்றுமையை நான்கால் பெருக்கினால் பரம்பரைப் பங்கு கிடைக்கும்.

எருமைகளின் உடல் எடையையும் வளர்ச்சியையும் இவ்வாறு ஆராய்ந்த பண்ணைகளில் பெரும்பாலும் நூற்றுக்கு 20 முதல் 40 வரையில் விடை வந்திருக்கிறது. ஈற்றுக்கு ஈற்று உள்ள இடைவெளி முதலிய இனவிருத்திக் குணங்களில் இப்பங்கு பெரும்பாலும் பத்துக்கும் கீழே நிற்கிறது. ஆகவே எருமையின் உடல், தேர்ந்தெடுத்து வளர்ப்பதற்கு நன்றாக இணங்குகிற குணம் என்பது தெளிவு. அதே சமயத்தில் பெரும்பங்கு தீனியையும் பராமரிப்பையும் சேர்ந்தது என்பதும் தெளிவு.

இங்கே ஒரு தப்பர்த்தத்துக்கு இடம் கொடுக்கலாகாது. பரம்பரைப் பங்கு முப்பது என்றால், 300 கிலோ எருமையில் 90 கிலோ இரத்தத்தால் வந்தது என்று அர்த்தமன்று. எருமைக்கும் எருமைக்கும் உள்ள வித்தியாசத்தில் முப்பது பங்கு என்பதே அர்த்தம். உதாரணமாக, ஒரு மந்தையில் ஒரு வயதுக் கன்றுகளின் சராசரி எடை 150 கிலோ என்று கொள்வோம். அவ்வயதில் சராசரி 170 கிலோ இருந்த கடாக்களையும் எருமைகளையும் மட்டும் பொறுக்கி இனவிருத்தி செய்தால், அடுத்த தலைமுறை 170 ஆகிவிடாது. மிகுதியான 20 கிலோவில் முப்பது பங்கு, அதாவது 6 கிலோதான் இறங்கும். தாய்களைப் பொறுக்காமல் கடாவை மட்டும் பொறுக்கினால் அதிலும் பாதி, 3 கிலோ. எருமைக்குத் தலைமுறை ஒன்றுக்கு ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவு சொற்ப லாபத்துக்கா இத்தனை பிரயாசை என்று கேட்கலாம். தீனியால் வரும் லாபம் தீனி நின்றால் நின்றுவிடும். இரத்தத்தில் வந்த 3 கிலோ அடுத்த தலைமுறைக்கும் அதற்கடுத்த தலைமுறைக்கும் போகும், அதன்மேல் மேலும் சேரும் என்பதே அதற்கு விடை.

தாயின் பங்கு

கன்றின் எடையில் தாய்க்கு இரட்டைப் பாத்திரம் உண்டு. இரத்தத்தில் பாதியைக் கொடுப்பதோடு கருப்பையின் வசதியையும், பிறந்தபின் பாலையும் அவளே தருகிறாள். ஆதலால் பிறந்த அன்றைய எடையையும் பால்குடிப் பருவத்து எடையையும் கண்டு கன்றின் இரத்தத்தை மதிப்பிடுவது ஏமாற்றத்தில் முடியும். தாய்ப்பாலை மறந்து தானே மேயத் தொடங்கியபின்தான் கன்றின் சொந்தத் தன்மை வெளிப்படுகிறது. அந்த வயதில் நமது கிராமங்களில் கன்றை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை.

அந்த வயதுவரை பிழைத்திருக்கும் கன்றுகள்தாம் எத்தனை? எருமைப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஆறு முதல் எட்டு வரை இருக்கிறது. கொழுப்பை அளந்து விலை கொடுக்கும் சங்கத்தில் அதற்கு மதிப்பு அதிகம். அதன் பயனாகக் கன்றின் வாய்க்குப் போக வேண்டிய பால் குடத்துக்குப் போகிறது. கிடாரிக்கன்றுக்காவது சிறிது மடி விடுகிறார்கள். கடாக்கன்றோ, பால் இறங்குவதற்கு முட்டவிட்டு உடனே இழுத்துக் கட்டப்படுகிறது. சீம்பாலும் வயிறாரக் கிடையாமல், பூச்சி மருந்தும் இல்லாமல், சில மாதங்களில் அது மாண்டுபோகிறது. ஊரிலேயே அதிகப் பால் கறக்கும் எருமையின் கடாக்கன்றுதான் பெரும்பாலும் அதிகப் பட்டினி கிடக்கிறது என்பது நாம் சிந்திக்க வேண்டிய விபரீதம். சிறந்த வம்சத்தின் வாரிசைக் கொன்றுவிட்டு, பின்னர் நல்ல கடா கிடைக்கவில்லை என்று அங்கலாய்க்கிறோம்.

பட்டினியால் மற்றொரு தீங்கும் உண்டு. எல்லாக் கன்றும் அரைவயிறாக வளரும் ஊரில் நல்ல இரத்தமும் மட்டமான இரத்தமும் ஒன்றுபோலவே தோன்றும். எதைப் பொறுக்குவது என்றே தெரியாது. தீனியும் இரத்தமும் போட்டிக் கட்சிகள் அல்ல. தீனி போட்டால்தான் இரத்தத்தின் வித்தியாசம் கண்ணுக்குப் புலப்படும்.

காங்கயம் கற்பிக்கும் பாடம்

பொறுக்கி வளர்ப்பதென்பது கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. காங்கயம் காளையின் புகழ் தானாக வந்ததன்று. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் தமது பெரிய மந்தையில் காளைகளைத் தேர்ந்து காத்ததை, அவ்வினத்தைப் பற்றி எழுதியவர்கள் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். கிளுவை வேலி சூழ்ந்து, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மர நிழலும் கொண்ட கொறங்காடுகள் அந்த மந்தைக்கு மேய்ச்சலாயின. நல்ல இரத்தம், அதற்கேற்ற புல், இரண்டையும் தலைமுறை தலைமுறையாகக் கண்காணித்த மனிதர் ஆகிய மூன்றும் சேர்ந்தபோதுதான் ஓர் இனம் உருவாயிற்று.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டின் பொருட்டு வாலிபர்கள் கோவை வ.உ.சி. மைதானத்தில் இரவும் பகலும் கூடியிருந்தபோது, நாட்டு மாடு என்ற சொல் நாவுக்கு நாவு பரவியது. காங்கயத்தின் பெயரைப் பட்டணத்துப் பிள்ளைகளும் அறிந்தார்கள். அதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் அதே கட்டுத்தரையின் மறுகோடியில் நின்ற எருமைக்காகக் கூடியவர் எவர்? தேசத்தின் பாலில் பாதிக்குச் சற்றுக் குறைந்த பங்கை எருமையே கொடுக்கிறது. அப்படியிருந்தும் அதற்குத் திருவிழாவில் அலங்காரமில்லை. பாட்டனார் பெயர் இல்லை. கறுப்பு நிறமும் மந்த நடையும் வசைச் சொல்லாகவே வழங்குகின்றன. நமது அலட்சியத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பெரிய உடல் மட்டும் போதுமா?

நாட்டு எருமைகளை முர்ராக் கடாவின் விந்தால் தரமுயர்த்துவதையே சர்க்கார் நெடுங்காலமாகக் கொள்கையாகக் கொண்டிருக்கிறது. ரோத்தக், ஹிஸார், ஜிந்த் பிரதேசங்களில் பிறந்த முர்ரா, சுருண்ட கொம்பும் பருத்த உடலும் மிகுந்த பாலும் உடைய சிறந்த இனம் என்பதில் ஆட்சேபம் இல்லை. தண்ணீரும் பசுந்தீவனமும் உள்ள தோட்டக்காரருக்கு அது லாபம் தரும். ஆனால் பரம்பரைப் பங்கு என்பது எங்கும் மாறாத எண் அன்று. அது இன்ன மந்தைக்கு, இன்ன தீனியில், இன்ன காலத்தில் என்று கண்ட எண். ஹிஸார்ப் பண்ணையில் கோதுமை வைக்கோலும் பெர்ஸீமும் தின்ற மந்தையில் முதலாவதாக வந்த கடா, சோளத்தட்டைத் தின்னும் பல்லடத்து மந்தையிலும் முதலாவதாக வரும் என்பதற்கு என்ன அத்தாட்சி? அங்கே பெற்ற தீர்ப்பை இங்கே அப்படியே நிறைவேற்றுவது முறையாகாது.

உடல் பெருத்தால் வயிறும் பெருக்கும். 1932-இல் மாக்ஸ் கிளைபர் என்பவர் கண்ட விதிப்படி, எடை இரு மடங்கானால் உயிரைத் தாங்குவதற்கு மட்டும் வேண்டிய தீனி ஏறத்தாழ 1.7 மடங்கு ஆகிறது. அந்தத் தீனி கிடையாத வீட்டில் பெரிய எருமை, சிறிய எருமையைவிட விரைவில் எலும்பாகிவிடும். பிறக்கும் கன்றின் எடையை மட்டும் பெருக்கினால் ஈற்றில் தாய்க்கும் அபாயம். ஆகவே குடியானவன் நாட வேண்டியது உருவப் பெருமையன்று. கிடைக்கும் தீனியில் சீக்கிரம் பருவமடையும் வேகம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஈரோடு ஜில்லாவில் அந்தியூருக்கு மேலேயுள்ள பர்கூர் மலையில், காட்டில் மேய்ந்து பட்டியில் அடையும் சிறிய உடல் எருமை இருக்கிறது. நமக்கு மேற்கே நீலகிரியில் தோடர்கள் தெய்வமாகப் போற்றும் எருமை இருக்கிறது. கர்னாலிலுள்ள தேசியக் கால்நடை மரபுவள ஸ்தாபனம் இவ்விரண்டையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. மலைச்சரிவில் ஏறவும், காட்டுப் புல்லில் பிழைக்கவும் ஏற்பட்ட உடல் அவற்றினுடையது. தராசில் லேசாயிருக்கின்றன என்பதற்காக அவற்றை முர்ராவுடன் கலந்து கரைத்துவிட்டால், பிறகு எந்தப் பணத்தைக் கொடுத்தும் திரும்பப் பெற முடியாது.

கணக்கு எழுதினவர்கள்

எருமை வளர்ப்பில் விஞ்ஞானத்துக்கு நமது தேசத்தில் குறைவில்லை. 1927-இல் காந்தியடிகள் பங்களூரில் தேக சிரமத்திலிருந்து தேறி வந்தபோது, அங்கிருந்த இம்பீரியல் பால்பண்ணை ஸ்தாபனத்துக்குச் சென்று மாடு வளர்ப்பைக் கற்றார். அந்த ஸ்தாபனமே 1955-இல் கர்னாலுக்கு மாறியது. 2009-இல் அங்கே ஓர் எருமையின் உயிரணுவிலிருந்து அதன் நகலாகக் கன்றை உண்டாக்கிக் காட்டினார்கள். ஹிஸாரில் 1985-இல் எருமைகளுக்கென்றே மத்திய ஆராய்ச்சி ஸ்தாபனம் ஏற்பட்டது. பல்கேரியர்கள் 1962-இல் நமது முர்ராவை வாங்கிச் சென்று, பால் கணக்கு எழுதித் தமக்கென ஓர் இனமாக வளர்த்துக்கொண்டார்கள்.

நமக்கு மிகவும் பொருத்தமான உதாரணம் குஜராத்தின் மேசானா. அங்கே எருமை வைத்திருப்பவர்கள் ஜமீன்தார்கள் அல்லர். இரண்டும் மூன்றும் கட்டியிருக்கும் சிறு குடியானவர்கள். அவர்களுடைய கூட்டுறவுப் பால் சங்கம் 1980-களிலேயே கடாக்களை அவற்றின் பெண் சந்ததிகளின் கறவையைக் கொண்டு பரீட்சிக்கும் முறையைக் கிராமங்களில் தொடங்கியது. பட்டக்காரர் ஒருவர் ஆயிரம் மாடுகளை வைத்துச் செய்ததை, ஆயிரம் குடியானவர்கள் சங்கமாகச் சேர்ந்து செய்யலாம் என்பதற்கு மேசானாவே சாட்சி.

செய்ய வேண்டியது

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் ஜில்லாக்களில் பால் சங்கம் இல்லாத பெரிய ஊர் அபூர்வம். கன்றுகாலிகளின் காதில் பன்னிரண்டு இலக்க எண் கொண்ட வில்லையைச் சர்க்காரே மாட்டுகிறது. அந்த எண்ணைத் தடுப்பூசிக்கும் காப்புத்தொகைக்கும் பயன்படுத்துவதோடு நிறுத்துவானேன்? தகப்பன் கடாவின் எண், தாயின் எண், பிறந்த தேதி, ஆறு மாதம், ஓராண்டு, இரண்டாண்டு எடைகள் ஆகியவற்றை அதனுடன் சேர்த்து எழுதினால் அதுவே எருமையின் வம்சாவளிப் பத்திரமாகிவிடும்.

எடைக்குத் தராசு இல்லையே என்பது காரணமாகாது. தையற்காரரின் அளவு நாடா போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிருஷ்ட எலும்பு வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை பவுண்டில் கிடைக்கும். சுற்றளவு 60 அங்குலமும் நீளம் 50 அங்குலமும் உள்ள கிடாரி 600 பவுண்டு, அதாவது சுமார் 272 கிலோ. பள்ளிக்கூடப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு இது.

சங்கங்கள் செய்ய வேண்டியது மற்றொன்று. அதிகம் கறந்து, சீக்கிரம் வளர்ந்து, தவறாமல் ஈனும் எருமைகளின் கடாக்கன்றுகளை ஆறு மாதம்வரை பால் விட்டு வளர்க்கும் குடியானவனுக்கு, அவன் இழக்கும் பாலின் விலையைக் கொடுத்து, அவற்றில் தேறியதைச் சங்கமே வாங்க வேண்டும். சர்க்காரை நாம் கேட்பதும் அதிகமன்று. இங்கே வினியோகிக்கும் ஒவ்வொரு கடாவின் விந்துக்கும், அதன் சந்ததிகள் கொங்கு நாட்டுக் கட்டுத்தரைகளில் எப்படி வளர்ந்தன என்ற விவரத்தைப் பிரசுரிக்க வேண்டும். பர்கூரிலும் நீலகிரியிலும் அந்தந்த இனக் கடாக்களையே கொடுக்க வேண்டும்.

தேச ஊழியம் என்றால் மேடையும் ஊர்வலமும் மட்டுமே என்று நமது வாலிப நண்பர்கள் எண்ணிவிடலாகாது. ஓர் ஊரில் நூறு எருமைக் கன்றுகளை ஆண்டுக்கு இருமுறை அளந்து, நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி, ஐந்தாறு ஆண்டுகள் விடாமல் நடத்துவது கைதட்டலைத் தராத வேலை. அடுத்த கால்நடைக் கணக்கில் 5 லட்சத்து 19 ஆயிரம் என்ற எண் மேலும் சுருங்குமா, நிற்குமா என்பது அந்த வேலையைச் செய்வோர் எத்தனை பேர் என்பதைப் பொறுத்திருக்கிறது. பருவ மழைக்குப் பின் ஈற்றுக் காலம் வரும். அப்போது பிறக்கும் முதல் கன்றிலிருந்தே கணக்கைத் தொடங்குமாறு ஒவ்வொரு சங்கத்தின் நிர்வாகிகளையும் கேட்டுக்கொள்கிறோம்.